ஒளிக்குக் காது முளைத்த கதை

1880 பிப்ரவரி 15 அன்று வாஷிங்டனில் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்தது. நான்கு நாள் கழித்து, 19ஆம் தேதி, அவருடைய சோதனைக்கூடத்தில் ஒளிக்கதிர் பேசியது. இரண்டு சந்தோஷத்தையும் ஒன்றாக்கி, குழந்தைக்கு 'ஃபோட்டோஃபோன்' என்றே பெயர் வைத்துவிடலாம் என்று அவருக்கு ஆசை. மனைவி மேபல் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தை மேரியன் ஆனாள். பெயர் கருவிக்கு மட்டும் நின்றது. சூரியக் கதிர் சிரித்ததையும் இருமியதையும் பாடியதையும் காதால் கேட்டதாக அந்த மாதமே தன் அப்பாவுக்கு எழுதினார் பெல். டெலிபோனைக் கண்டுபிடித்து அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அதைவிட இதுவே பெரிய கண்டுபிடிப்பு என்று தன் கடைசிக் காலத்திலும் சொன்னார்.

இன்று பல நாடுகளில் பொழுதுபோக்காக ரேடியோ கட்டுகிறவர்கள், தோட்டத்து மூலையில் இருக்கும் ரிசீவரின் ஒலியை ஒரு சிவப்பு லேசர் கதிரில் ஏற்றி வீட்டுக்குள் வாங்கிக் கேட்கிறார்கள். பெட்டியைச் செய்வதும் அவர்களே, லென்ஸ் பொருத்துவதும் அவர்களே. இந்த லேசர் இணைப்பின் பிறந்த வருடம் எது என்று கேட்டால், லேசர் பிறந்த 1960ஐச் சொல்வது வழக்கம். நான் 1880ஐத்தான் சொல்வேன். ஒளியைப் பேசவைப்பது எந்தக் காலத்திலும் பெரிய வேலையாக இருந்ததில்லை. அந்தப் பேச்சைக் கேட்க ஒரு காது செய்வதுதான் வேலை. இந்தக் கருவியின் வரலாறு முழுக்க அந்தக் காதின் வரலாறு.

பெல்லும் அவருடைய உதவியாளர் சார்ல்ஸ் சம்னர் டெய்ன்டரும் செய்த அனுப்பும் கருவியைப் பார்த்தால் இது புரியும். வெள்ளி பூசிய மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று. அதன் முதுகில் ஒரு பேச்சுக் குழாய். குழாயில் பேசினால் தகடு அதிர்ந்து உப்பும், குழியும். அதன் முகத்தில் விழும் சூரிய ஒளி அதற்கேற்ப விரிந்தும் குவிந்தும் போகும். எதிர்முனையில் நிற்பவருக்கு ஒளி கூடிக் குறைவதாக வந்து சேரும். அவ்வளவுதான் அனுப்பும் பக்கம். பாட்டரி கூட வேண்டாம்.

வாங்கும் பக்கம் வேறு கதை. கடலடித் தந்தி வடங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்த வில்லோபி ஸ்மித், செலினியம் என்ற தனிமத்தின் மின்தடை வெளிச்சம் பட்டால் குறைகிறது என்று 1873இல் அறிவித்திருந்தார். அந்த ஒரே தகவல்தான் பெல்லுக்குப் பிடிமானம். சாதாரண செலினியத் துண்டின் தடை மிக மிக அதிகம். டெலிபோன் ரிசீவரை அசைக்கும் அளவுக்கு அதில் மின்சாரம் ஓடாது. பித்தளைத் தகடுகளை நெருக்கமாக அடுக்கி, இடைவெளியில் செலினியத்தை மெல்லிய படலமாக உருக்கி ஊற்றி, சூடேற்றி ஆறவைத்து, இருட்டில் 1200 ஓம், வெளிச்சத்தில் 600 ஓம் என்ற நிலைக்கு இருவரும் அதைக் கொண்டுவந்தார்கள். ஒளியில் மின்தடை சரிபாதியாகிறது. இதைச் செய்த காலத்தில் ஆம்ப்ளிஃபையர் என்ற ஒன்றே உலகத்தில் இல்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய ஓசையைப் பெருக்கித் தரும் வால்வு வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. செலினியம் தருவதுதான் காதுக்கு. வேறு துணை கிடையாது.

1880 ஜூனில் டெய்ன்டர் ஃபிராங்க்ளின் பள்ளிக் கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் போனார். பெல் 213 மீட்டர் தள்ளி, எல் தெருவில் இருந்த சோதனைக்கூடத்தில் காத்திருந்தார். காதில் ரிசீவர். நான் சொல்வது கேட்டால் ஜன்னலுக்கு வந்து தொப்பியை ஆட்டுங்கள் என்று மாடியிலிருந்து ஒளி வழியே செய்தி வந்தது. பெல் தொப்பியை ஆட்டினார். கம்பியில்லாமல் மனிதக் குரல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போன முதல் நாட்களில் அது ஒன்று. விஞ்ஞானி ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை ஆய்வகத்தில் காட்டுவதற்கு ஏழெட்டு வருடம் முந்தியது அது. ரேடியோவுக்கு ஒளி அண்ணன்.

ஃபோட்டோஃபோன் கடைக்கு வரவில்லை. மேகம் மறைத்தால் பேச்சு அறுந்தது, பனி இறங்கினால் அறுந்தது, சூரியன் சாய்ந்தாலும் அறுந்தது. ஆனால் அதன் கொள்கை சாகவில்லை. பெர்லினில் எர்ன்ஸ்ட் ரூமர் என்பவர் சூரியனை விட்டுவிட்டு, ஒலிக்கேற்பத் துடிக்கும் கார்பன் ஆர்க் விளக்கைத் தேடுவிளக்கில் பொருத்தினார். செலினியத்தை இன்னும் நுட்பமாகச் செய்துகொண்டார். 1902 வாக்கில் வான்சே ஏரியில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரத்துக்குப் பேச்சு போனது.

அதே சமயத்தில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கலேனா என்ற ஈயத் தாதுப் படிகத்தில் உலோக முனையை வைத்து ஓர் உணர்கருவி செய்திருந்தார். 1901இல் விண்ணப்பித்து 1904இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அந்தப் படிகம் ரேடியோ அலைக்கும் அசைந்தது, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அசைந்தது. பின்னாளில் ரேடியோவுக்கென்று டிடெக்டர் டையோடும், ஒளிக்கென்று ஃபோட்டோடையோடும் தனித்தனியாகப் பிரிந்தன. போஸின் மேஜையில் இரண்டும் ஒரே கல். ரேடியோ ரிசீவரின் ஓசையை லேசரில் ஏற்றுகிறவர்கள் அந்தப் பிரிந்த இரண்டையும் மறுபடி ஒரே மேஜையில் வைக்கிறார்கள். போஸுக்கு இந்தக் கதையில் உரிய இடத்தை எழுதுகிறவர்கள் தருவதில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு.

அடுத்த காது அமெரிக்காவின் தியோடர் கேஸ் செய்தது. தாலியம், கந்தகம், ஆக்ஸிஜன் சேர்ந்த அவருடைய 'தாலோஃபைடு' செல், அகச்சிவப்பை நன்றாக உணர்ந்தது. முதல் உலகப் போரின் கடைசி வருடங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் கப்பல்கள் சேதி பரிமாற அமெரிக்கக் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் கேஸ் சினிமா பக்கம் திரும்பினார். பிலிமின் ஓரத்தில் ஒலியை வெளிச்ச அளவாகப் பதித்து, புரொஜெக்டரில் விளக்கொளி அதன் ஊடே போய் ஒளிச்செல்லில் விழுந்து மறுபடி ஒலியாக மாறுவது பேசும்பட முறை. பெல் 213 மீட்டர் தூரத்துக்குச் செய்ததை இது சில அங்குலத்துக்குள் செய்தது. டூரிங் டாக்கீஸில் மணலைக் கூட்டிவைத்து உட்கார்ந்து நம் பெரியவர்கள் கேட்ட வசனமும் பாட்டும், பிலிமிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகும் வழியில் ஒரு நொடித்துளி ஒளியாக இருந்துதான் வந்தன.

1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில் ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மெய்மன் மாணிக்கக் கல் லேசரை ஒளிரவைத்தார். அது வெட்டி வெட்டி மின்னியது. பேச்சை ஏற்றத் தொடர்ந்து ஒளிரும் கதிர் வேண்டும். அதே வருடம் டிசம்பர் 12இல் பெல் ஆய்வுக்கூடத்தில் அலி ஜவான், வில்லியம் பென்னெட், டொனால்ட் ஹெரியட் மூவரும் ஹீலியம்-நியான் வாயு லேசரை இயக்கினார்கள். மறுநாளே அதில் ஒரு டெலிபோன் பேச்சை அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். பெல்லின் பெயர் கொண்ட இடத்தில், அவர் விட்ட இடத்திலிருந்து.

1963 மே மாதம் கலிஃபோர்னியாவில் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பனமின்ட் மலைமுகட்டுக்கும் சான் கேப்ரியல் மலைக்கும் நடுவே, 118 மைல் தூரம், அதாவது 190 கிலோமீட்டர், லேசரில் குரல் அனுப்பினார்கள். லேசர் பிறந்து மூன்றே வருடம். ஆனால் வாயு லேசருக்குக் கண்ணாடிக் குழாயும் உயர் மின்னழுத்தமும் வேண்டும். எல்லோர் கைக்கும் எட்டாது. 1962இல் ராபர்ட் ஹால் குறைகடத்தி லேசரைக் காட்டியிருந்தாலும், அது திரவ நைட்ரஜன் குளிரில்தான் வேலை செய்தது. 1970இல் லெனின்கிராடில் அல்ஃபெரோவ் குழுவும், பெல் ஆய்வுக்கூடத்தில் ஹயாஷி, பானிஷ் இருவரும் அறை வெப்பத்தில் தொடர்ந்து ஒளிரும் டையோடு லேசரைச் செய்தார்கள். அங்கிருந்து சி.டி. பிளேயர், டி.வி.டி., கடைசியில் திருவிழாக் கடையில் சாவிக்கொத்தோடு தொங்கும் லேசர் டார்ச். லேசர் சாதாரணக் கைக்கு வந்துசேர்ந்த வழி இது.

ரேடியோ ரிசீவர் வைத்திருப்பவர் எதற்காக லேசரைத் தேடுகிறார்? ரேடியோ நன்றாக வேலை செய்யும்போது ஒளி எதற்கு? பதில் அவர் வீட்டிலேயே இருக்கிறது. எல்.இ.டி. பல்பின் டிரைவர், மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் கட்டுப்பாட்டுப் பெட்டி, எல்லாமே மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன இரைச்சல் நிலையம். மீடியம் வேவ், ஷார்ட்வேவ் கேட்பவர்களுக்கு இந்த இரைச்சல் நன்றாகத் தெரியும். தொலைவிலிருந்து வரும் மெல்லிய நிலையம் அதில் மூழ்கிப்போகும். ஏரியலையும் ரிசீவரையும் வீட்டை விட்டுத் தள்ளி, தென்னை மரத்தடியிலோ மொட்டை மாடிக் கோடியிலோ பாட்டரியில் ஓடவிட்டால் நிலையம் தெளிவாக வரும். ஆனால் அங்கிருந்து வீட்டுக்குச் செப்புக் கேபிள் இழுத்தால், வீட்டு இரைச்சல் அதே கேபிளில் எதிர்த்திசையில் நடந்து ஏரியலுக்கே போய்ச் சேர்ந்துவிடும். மழைக்காலத்தில் அதே கேபிள் இடிமின்னலின் அதிர்ச்சியையும் வீட்டுக்குள் கொண்டுவரும்.

ஒளிக்கதிரில் மின்சாரம் ஓடாது. ரிசீவர் பக்கத்துக்கும் கேட்பவர் பக்கத்துக்கும் இடையே செப்பு என்ற பேச்சே இல்லை. வீட்டில் லேசர் இணைப்பு செய்கிறவர்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இந்த அமைதிதான். வேகமும் தூரமும் பிறகு.

செய்முறை எளிது. பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோவிலிருந்து எடுத்த சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு சுருளை லேசருக்குப் போகும் பாட்டரிக் கம்பியில் தொடராகச் சேர்க்க வேண்டும். இன்னொரு சுருளில் ரிசீவரின் இயர்ஃபோன் ஒலியைக் கொடுத்தால், அந்த ஒலிக்கேற்ப லேசரின் மின்னோட்டம் கூடிக் குறையும்; வெளிச்சமும் கூடிக் குறையும். கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. ஒலியளவை அளவோடு வைக்க வேண்டும். லேசர் டையோடு ஒரு குறிப்பிட்ட மின்னோட்டத்துக்குக் கீழே அணைந்துவிடும், மேலே போனால் எரிந்துவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குரல் ஆட வேண்டும். இதில் ஒரு விசித்திரம்: விலை கூடிய லேசர் சுட்டி இந்த வேலைக்கு ஆகாது. அதற்குள் வெளிச்சத்தை ஒரே சீராக வைக்கும் சுற்று ஒன்று இருக்கும். நாம் ஏற்றும் குரலைக் குறை என்று நினைத்து அது திருத்திக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு ரெஸிஸ்டர் மட்டும் வைத்த மலிவுச் சுட்டிதான் சொன்னபடி கேட்கும்.

காது பக்கத்துக்கு வருவோம். தோட்ட விளக்கிலிருந்து கழற்றிய ஒரு சோலார் செல்லை ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டில் இணைத்தால் போதும், குரல் கேட்கும். லேசரை வைப்பதற்கு முன்னால் அந்தச் செல்லைச் சும்மா வீட்டைச் சுற்றிக் காட்டிப் பார்க்க வேண்டும். மின்விளக்குகள் பலவும் 100 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று முனகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒளி ஒரு சுற்றில் இரண்டு முறை துடிக்கும். டி.வி. ரிமோட்டை அமுக்கினால் 'ட்ரர்ர்' என்று பேசும். நம்மைச் சுற்றியுள்ள வெளிச்சம் எவ்வளவு சத்தமானது என்று அப்போதுதான் தெரியும். எதிரி யார் என்றும் தெரிந்துவிடும்: முனகும் விளக்கு, செல்லைத் திகட்ட வைக்கும் பகல் வெயில். செல்லை உள்ளே கறுப்படித்த குழாயின் அடியில் வைத்தால் பக்கத்து வெளிச்சம் நுழையாது. சோலார் செல் பரப்பளவு பெரிது, அதனால் மந்தம். பேச்சுக்கு ஆகும், உயர்ந்த அதிர்வெண்ணுக்கு ஆகாது. அதற்குச் சில சதுர மில்லிமீட்டரே உள்ள ஃபோட்டோடையோடு வேண்டும். பரப்பு சின்னது என்பதால் அதன் முன்னால் பெரிய லென்ஸ் வைத்து ஒளியைச் சேகரிக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை காற்று. வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்போம். அந்த நெளிவில் லேசர் கதிர் சிதறி, வெளிச்சம் தானாகவே கூடிக் குறையும், குரலோடு கலந்து கரகரக்கும். இதற்கு விவரம் தெரிந்தவர்கள் செய்யும் வழி, ஒலியை நேரே வெளிச்ச அளவில் ஏற்றாமல், பல்லாயிரம் ஹெர்ட்ஸில் அணைந்து எரியும் துடிப்பின் வேகத்தில் ஏற்றுவது. எஃப்.எம். ரேடியோ செய்வதும் இதுவே. வெளிச்சம் மங்கினாலும் துடிப்பின் வேகம் மாறாது. வாங்கும் பக்கம் வேகத்தை மட்டும் பார்க்கும். ரிசீவரின் ஸ்பீக்கர் ஒலிக்குப் பதிலாக நிலையத்தின் அலையை ரிசீவர் தன் உள்ளே மாற்றிக்கொள்ளும் 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அலைவரிசையையே லேசரில் ஏற்றிக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அப்போது நிலையத்தைப் பிரித்துக் கேட்கும் நுட்ப வேலையை வீட்டுக்குள் உட்கார்ந்தே செய்யலாம்.

குறி வைப்பது பொறுமைசாலிகளின் வேலை. சாதாரண லேசர் சுட்டியின் கதிர் ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகல வட்டமாக விரியும். அந்த வட்டத்துக்குள் எதிர்முனை லென்ஸ் விழ வேண்டும். மரத்தில் கட்டினால் காற்றில் ஆடும். சுவரில் கட்டினால்கூட வெயிலில் சுவர் விரிந்து கதிர் நகரும். இரவில் எதிர்முனையில் ஒரு சைக்கிள் ரிஃப்ளெக்டரைக் கட்டிவிட்டால், கதிர் அதன்மேல் விழும்போது அது பளிச்சென்று திருப்பிக் காட்டும். மழையைவிடப் பனிமூட்டம் மோசம்; அதன் நுண்துளிகள் கதிரை முழுதாகச் சிதறடித்துவிடும்.

லேசர்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2005இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஏறத்தாழ 167 கிலோமீட்டர் தூரம் இருபக்கமும் பேசிக்கொண்டது சிவப்பு எல்.இ.டி.யும் பெரிய பிளாஸ்டிக் ஃபிரெனெல் லென்ஸும் வைத்துத்தான். லேசர் ஒளியின் அலைகள் ஒன்றோடொன்று இசைந்திருப்பதால் காற்றின் நெளிவில் அது அதிகம் மினுங்கும். அகன்ற லென்ஸிலிருந்து வரும் எல்.இ.டி. ஒளி நிதானமாக வரும். பிராகில் 2001இல் வெளிவந்த 'ரோன்யா' என்ற கருவியும் எல்.இ.டி.தான். புகைபோக்கிக் குழாயை உடலாக வைத்து, லென்ஸ் பொருத்தி, 1.4 கிலோமீட்டருக்கு வினாடிக்கு 10 மெகாபிட் தரவை அனுப்பியது. அதன் வரைபடம் முழுவதையும் யாரும் செய்துகொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார்கள். அந்த மனசுக்காகவே அது இந்தக் கதையில் சேர வேண்டும்.

வீட்டு மேஜையில் நடப்பது விளையாட்டு வேலை என்று நினைப்பவர்கள் புனேக்கு வடக்கே, நாராயண்காவ் அருகில் உள்ள கோடாட் கிராமத்துக்குப் போய்வர வேண்டும். அங்கே 45 மீட்டர் விட்டமுள்ள 30 ரேடியோ தொலைநோக்கிகள் சுமார் 25 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவி நிற்கின்றன. உதகமண்டலத்துச் சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை 1970இல் எழுப்பிய கோவிந்த் ஸ்வரூப்பின் அடுத்த பெரிய கனவு அது. ஒவ்வொரு டிஷ்ஷிலும் விழும் விண்வெளி ரேடியோ அலை, 130, 175 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை அலைவரிசைகளாக மாற்றப்பட்டு, லேசர் டையோடு ஒளியில் ஏறி, கண்ணாடி இழை வழியே நடுக் கட்டடத்துக்கு வரும்படி முதலில் அமைத்தார்கள். ரிசீவரின் அலையை லேசரில் அனுப்பும் அதே வேலை. கண்ணாடி இழைக்குள் போவதால் பனியும் காற்றும் தொடாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு டிரான்ஸிஸ்டர் ரேடியோ, ஒரு மில்லிவாட்டுக்கு மேல் போகாத சிவப்பு லேசர் சுட்டி, ஒரு சோலார் செல், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், இவ்வளவையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். கடையில் பச்சை, நீல நிறத்தில் விற்கும் பெரிய சுட்டிகள் வேண்டவே வேண்டாம், கண்ணைப் பறித்துவிடும். கதிர் யார் கண் மட்டத்திலும் போகாதபடி மேஜை உயரத்தில் கட்டச் சொல்லுங்கள், முடிவில் ஒரு அட்டையை வைத்து அதை நிறுத்தச் சொல்லுங்கள், வானத்தில் விமானத்தை நோக்கி விளையாட விடாதீர்கள். கண்காட்சிக்கு வருகிறவர்கள் சிவப்புக் கதிரைத்தான் பார்ப்பார்கள். மதிப்பெண் போடும்போது நீங்கள் எதிர்முனைக்குப் போய், விளக்கின் முனகலையும் வெயிலையும் விலக்கி அந்தக் குரலை எவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.